சபையாருக்கு டிஜிட்டல் காணிக்கை வழிகளை ஏற்படுத்துதல்: ஆலயப் பொருளாளர்களுக்கும் கமிட்டியாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பால் முதல் மருந்து வரை எல்லாவற்றுக்கும் கைப்பேசியிலேயே பணம் செலுத்திப் பழகிவிட்ட ஒரு குடும்பம் ஞாயிறு ஆராதனைக்கு வந்து அமர்ந்திருக்கும்போது, காணிக்கைப் பை தங்கள் வரிசையை நெருங்கும் அந்தச் சில நொடிகளில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதை இன்று எந்தச் சபையிலும் காணலாம். அவர்களுக்குக் கொடுக்க மனம் இருக்கிறது. கையில்தான் பணத்தாள் இல்லை. அந்தத் தர்மசங்கடத்தைப் போக்குவது சபையின் பொறுப்பு என்றே நான் கருதுகிறேன்.

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது, அதே ஆண்டு நவம்பரில் வந்த பணமதிப்பிழப்பு நடவடிக்கை அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் நம் சபைகளில் பெரும்பாலானவை அதைப் பற்றி யோசித்தது 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோதுதான். அன்றைய அவசரத்தில் குருவானவரின் சொந்தக் கைப்பேசி எண்ணையோ பொருளாளரின் எண்ணையோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, காணிக்கையை அதில் போடச் சொன்ன சபைகள் ஏராளம். நான் பொருளாளராக இருந்த சபையும் அவற்றில் ஒன்று. அவசரத்துக்குச் செய்த அந்த ஏற்பாடு பல இடங்களில் இன்றும் அப்படியே தொடர்கிறது என்பதுதான் கவலைக்குரியது. ஆகவே இந்த வழிகாட்டியில் தொழில்நுட்பத்தைவிட, பணம் யார் பெயரில் சேருகிறது, யார் கண்ணில் படுகிறது, எப்படிக் கணக்குக்கு வருகிறது என்பவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். கியூ.ஆர். அட்டை ஒட்ட ஒரு மணி நேரம் போதும். அதன் பின்னால் இருக்க வேண்டிய ஒழுங்கை அமைக்கக் குறைந்தது இரண்டு மாதங்களாவது தேவைப்படும்.

முதல் படி: கமிட்டித் தீர்மானம்

வங்கிக்குப் போவதற்கு முன் கமிட்டியில் இது பேசப்பட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சபையானால் சேகரக் கமிட்டி, கத்தோலிக்கப் பங்கானால் பங்கின் நிதிக்குழு, தனிச் சபையானால் டிரஸ்டிகளின் கூட்டம் என்று அமைப்புக்கு ஏற்ப இடம் மாறும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 537ஆம் விதி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்று சொல்வதால், அங்கே இதைப் பங்குத்தந்தை நிதிக்குழுவின் ஆலோசனையோடு முடிவு செய்வதே முறை. மற்ற சபைகளும் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவது நல்லது.

தீர்மானத்தில் எந்த வங்கிக் கணக்கில் பணம் பெறப்படும், அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க யார் யார் கையொப்பமிட வேண்டும், கணக்கைப் பார்வையிட மட்டும் அனுமதி பெறுபவர் யார், எந்தெந்த நிதிகளுக்கு டிஜிட்டல் முறை திறக்கப்படும் ஆகியவை தெளிவாக இடம்பெற வேண்டும். பின்னாளில் கேள்வி எழும்போது பதில் சொல்லப்போவது இந்தப் பக்கம்தான். கொரிந்து சபையாரின் தர்மப்பணத்தைச் சேகரித்து எடுத்துச் செல்லும்போது ஒருவரும் குற்றம் சொல்ல இடமில்லாதபடி பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்தே அனுப்பினார் என்று இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. பணத்தை ஒருவர் மட்டும் கையாளக் கூடாது என்ற ஒழுங்கு சபையில் அவ்வளவு பழமையானது.

இரண்டாம் படி: சபையின் பெயரில் கணக்கு

டிஜிட்டல் காணிக்கை சேரும் கணக்கு சட்டப்படி சபையின் பெயரிலோ அந்தச் சபை சேர்ந்திருக்கும் அமைப்பின் பெயரிலோ இருக்க வேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் வேண்டாம். குருவானவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய சொந்தக் கணக்கில் விழும் காணிக்கை வருமான வரித்துறையின் பார்வையில் அவருடைய வரவாகவே தெரியும். அவர் இடமாற்றலாகிப் போனால் பழைய எண்ணுக்குச் செலுத்திப் பழகியவர்களின் பணம் தொடர்ந்து அவருக்கே போகும். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தத் தொகை அவருடைய வாரிசுகளின் சொத்தோடு கலந்துவிடும். அவரைப் பாதுகாப்பதற்காகவே இதைத் தவிர்க்க வேண்டும்.

சி.எஸ்.ஐ. திருமண்டலங்களில் உள்ள சேகரங்கள் தாங்களாகவே புதிய பான் அட்டைக்கு விண்ணப்பித்துவிடாமல், திருமண்டல அலுவலகத்தை அணுகி, எந்தப் பான் எண்ணின் கீழ் கணக்குத் திறப்பது என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கத்தோலிக்கப் பங்குகள் மறைமாவட்ட நிதி அலுவலகத்தைக் கேட்க வேண்டும். தனிச் சபைகள் பதிவு செய்யப்பட்ட டிரஸ்ட் பத்திரத்தையோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பெற்ற சான்றிதழையோ, பான் அட்டையையும் கமிட்டித் தீர்மான நகலையும் வங்கிக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். இன்னும் பதிவே செய்யாமல் வீட்டு ஜெபக்குழுவாக இயங்கும் சபையானால், முதலில் பதிவை முடித்துவிட்டு இந்த வழிகாட்டிக்குத் திரும்பி வருவதே முறை.

காணிக்கை பெறுவதற்கென்று தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. அதில் வரவு மட்டுமே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்தத் தொகையைச் சபையின் பொதுக்கணக்குக்கு மாற்றலாம். சம்பளமும் மின்கட்டணமும் காணிக்கையும் ஒரே கணக்கு அறிக்கையில் கலந்து கிடந்தால், முந்நூறு வரிகளுக்கு நடுவே ஒரு குடும்பத்தின் ஐந்நூறு ரூபாயைத் தேடி எடுப்பது பெரும்பாடாகிவிடும்.

வங்கியில் பதிவாகும் கைப்பேசி எண்ணுக்காகச் சபையின் பெயரிலேயே ஒரு சிம் அட்டை வாங்கிவிடுங்கள். இந்தச் சிறிய செலவைச் செய்யாமல் விட்டதால் நாங்கள் பட்ட சிரமத்தைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: கியூ.ஆர். அட்டை

கைப்பேசிச் செயலியில் தனிநபர்கள் உருவாக்கிக்கொள்ளும் கியூ.ஆர். கோடும், வங்கி ஒரு நிறுவனத்துக்கு வழங்கும் வணிகக் கியூ.ஆர். கோடும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேறுவேறானவை. இருவர் கையொப்பமிட்டு இயக்கும் கூட்டுக் கணக்கைத் தனிநபர் செயலியோடு இணைக்க வங்கிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அனுமதித்தால் ஒருவர் மட்டுமே ரகசிய எண்ணைப் போட்டுப் பணத்தை எடுத்துவிட முடியுமே. வணிகக் கியூ.ஆர். கோடு பணத்தைப் பெற மட்டுமே பயன்படும், அதன் வழியே யாரும் பணம் எடுக்க முடியாது. ஆகவே கிளை மேலாளரிடம் வணிகக் கியூ.ஆர். என்றே கேளுங்கள். யு.பி.ஐ. வழியாக வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது விதி. எனவே நூறு ரூபாய் காணிக்கை நூறு ரூபாயாகவே சபைக்கு வந்து சேரும்.

அட்டை கைக்கு வந்ததும் முதலில் நீங்களே அதை ஸ்கேன் செய்து, திரையில் என்ன பெயர் தோன்றுகிறது என்று பாருங்கள். அங்கே ஆலயத்தின் பெயர் முழுமையாகத் தெரிய வேண்டும். வங்கி ஊழியர் பொருளாளரின் பெயரையே பதிந்துவிடுவதும், ‘பரிசுத்த’ என்ற சொல் வரை மட்டும் வந்து பெயர் அறுந்துபோவதும் நடப்பதுண்டு. அதைத் திருத்தி வாங்காமல் சுவரில் ஒட்ட வேண்டாம். காணிக்கை செலுத்தும் மூதாட்டிக்குச் சந்தேகம் தீர்வது அந்தத் திரையில் தோன்றும் பெயரால்தான்.

பணம் வந்ததை உரக்க அறிவிக்கும் ஒலிப்பெட்டியையும் வங்கியோ செயலி நிறுவனமோ உடன் கொடுக்க முன்வரும். கடைக்கு அது தேவை, ஆலயத்துக்குள் வேண்டாம். ஒருவர் கொடுத்த தொகை ஆராதனையின் நடுவே எல்லோர் காதிலும் விழுவது, வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்ற போதனைக்கு நேர் எதிரானது. விளைச்சலை ஆலயத்துக்குக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையின்போது மட்டும் வெளியே வைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அட்டையை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியதே. தடித்த கற்சுவர் கொண்ட பழைய ஆலயங்களுக்குள் பல நேரம் சிக்னல் கிடைப்பதில்லை; வாசல் முகப்பிலும் அலுவலக மேசையிலும் வைப்பது பயன் தரும். அதைவிடச் சிறந்த வழி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கையடக்கமான அட்டை ஒன்றை அச்சிட்டுக் கொடுப்பதுதான். ஒரு பக்கம் கியூ.ஆர். கோடும் யு.பி.ஐ. முகவரியும், மறுபக்கம் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் சபைப் பதிவேட்டில் அந்தக் குடும்பத்துக்கு உரிய குடும்ப எண்ணும் இருக்கட்டும். அப்போது சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபத்துக்குப் பின் நிதானமாகக் கொடுத்துவிட்டு வரலாம்; ஆராதனை நேரத்தில் கைப்பேசியைத் திறக்க வேண்டிய தேவையே இராது. பீடத்தின் மேலோ திருவிருந்து மேசையின் அருகிலோ அட்டையை வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

பெரிய தொகைகளுக்கு யு.பி.ஐ. போதாது. சாதாரணமாக ஒரு நாளில் ஒரு லட்சம் ரூபாய் என்பதே அதன் வரம்பு. புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய் வரை மட்டுமே அனுப்ப முடியும். கட்டட நிதிக்குப் பெருந்தொகை தருபவர்கள் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் நெஃப்ட் முறையிலும், இரண்டு லட்சத்துக்கு மேலானால் ஆர்.டி.ஜி.எஸ். முறையிலும் அனுப்பலாம். நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் ஞாயிறு உட்பட எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

நான்காம் படி: எந்தக் காணிக்கை என்று பிரித்தறிதல்

நம் சபைகளில் காணிக்கை ஒன்றல்ல. ஞாயிறு பொதுக் காணிக்கை, சந்தா, தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை, பிறந்தநாள், திருமணநாள் காணிக்கைகள், பொருத்தனை, கட்டட நிதி, மிஷனரி காணிக்கை, அசனம் எனும் சபை விருந்துக்கான நன்கொடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு உண்டு. காகிதக் கவரில் மேலே எழுதிக் கொடுத்தபோது இருந்த தெளிவு கியூ.ஆர். கோட்டில் மறைந்துபோகிறது. ஒருவர் 1,000 ரூபாய் அனுப்பிவிட்டார். அது சந்தாவா, மகளின் தேர்வு வெற்றிக்கான ஸ்தோத்திரமா என்று வங்கி அறிக்கை சொல்லாது. செயலியில் குறிப்பு எழுத இடம் இருந்தாலும், வணிகக் கியூ.ஆர். வழியே வரும்போது அந்தக் குறிப்பு சபையின் அறிக்கைக்கு வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது.

மற்றக் குழப்பங்கள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைப்பதால், தொடங்குவதற்கு முன்பே இதற்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நான் பரிந்துரைக்கும் முறை இது: பொதுக் காணிக்கைக்கு ஒன்று, கட்டட நிதிக்கு ஒன்று, மிஷனரி பணிக்கு ஒன்று என மூன்று கியூ.ஆர். கோடுகளுக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு நிறத் தாளில் அச்சிட்டுத் தலைப்பைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மற்ற எல்லாத் தலைப்புகளும் பொதுக் காணிக்கைக் கோட்டிலேயே வரட்டும். ஆனால் அனுப்பியவர் தன் குடும்ப எண், தொகை, நோக்கம் ஆகியவற்றையும், பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் சபையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பவோ, ஒரு சிறு சீட்டில் எழுதிப் பையில் போடவோ சொல்லுங்கள். பணம் அனுப்பிய திரையின் படத்தை (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பச் சொல்லிப் பழக்கவேண்டாம். அதில் அனுப்பியவரின் வங்கி விவரங்களும் சேர்ந்தே வருகின்றன, அதைப் போலியாகத் தயாரிப்பதும் எளிது.

நோக்கம் குறித்துக் கொடுக்கப்பட்ட பணத்தை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1267ஆம் விதியே இதைச் சொல்கிறது. மற்றச் சபைகளிலும் சபையாரின் எதிர்பார்ப்பு வேறல்ல. கட்டட நிதிக் கோட்டில் வந்த பணத்தைச் சம்பளப் பற்றாக்குறைக்கு எடுத்துப் பிறகு திருப்பி வைப்போம் என்று தொடங்கும் பழக்கம் எங்கே முடியும் என்பது கமிட்டியில் இருந்த எவருக்கும் தெரியும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு இன்னொரு கவனம் தேவை. ஏலத்தில் பூசணிக்காயோ சேவலோ எடுத்தவர் பொருளைப் பெற்றுக்கொண்டு விலை தருகிறார் என்பதால், அந்தத் தொகையைக் காணிக்கைத் தலைப்பில் எழுதாமல் ஏல வரவு என்று தனியே எழுத வேண்டும். ஏலப் பட்டியலில் பெயருக்கு எதிரே ‘ரொக்கம்’, ‘யு.பி.ஐ.’, ‘பாக்கி’ என மூன்று பத்திகள் போட்டு, பணம் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகே குறியிட்டால் மறுவாரம் வீடு வீடாகச் சென்று கேட்கும் நிலை வராது.

ஐந்தாம் படி: மாதந்தோறும் தானாகச் செல்லும் காணிக்கை

சந்தாவும் தசமபாகமும் மாதந்தோறும் ஒழுங்காகத் தர விரும்புபவர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. தன் வங்கியிடம் நிலையான உத்தரவு கொடுத்து, ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட தேதியில் சபைக் கணக்குக்குப் பணம் அனுப்பச் செய்வது எளிமையானது. இதற்குச் சபை எதுவும் செய்ய வேண்டியதில்லை. உறுப்பினரின் முன் ஒப்புதலோடு, வங்கிகளின் பொதுத் தீர்வு அமைப்பு வழியே சபையே பட்டியல் போட்டு வசூலிக்கும் முறை நாச் எனப்படுவது. பல நூறு குடும்பங்கள் கொண்ட சபைகளுக்கே அது பொருந்தும். 2020 ஜூலையில் வந்த யு.பி.ஐ. ஆட்டோபே மூன்றாவது வழி. இதில் 15,000 ரூபாய் வரையிலான மாதத் தொகைக்கு ஒருமுறை ஒப்புதல் அளித்தால் போதும். பணம் பிடிக்கப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரும். விரும்பும்போது தாமே நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தும் வழியையும் அட்டையிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். வேலை இழந்தவரோ மருத்துவச் செலவில் சிக்கியவரோ காணிக்கையை நிறுத்தப் பொருளாளரிடம் வந்து காரணம் சொல்லும்படி நேரக் கூடாது.

கட்டண நுழைவாயில் (பேமென்ட் கேட்வே) நிறுவனங்களின் வழியே சபையின் இணையதளத்தில் கார்டு மூலம் பெறுவதும் இயலும். அதற்குப் பொதுவாகத் தொகையில் ஏறத்தாழ 2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கழிக்கப்படும். கடன் அட்டையில் காணிக்கை பெறும் வசதியைத் திறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடன் வாங்கிக் கொடுக்கும்படி சபை ஒருவரைத் தூண்டலாகாது.

ஆறாம் படி: கைப்பேசி இல்லாதவரும் காணிக்கை நேரமும்

காணிக்கைப் பையை நிறுத்திவிடாதீர்கள். கூலிவேலை முடித்துச் சனிக்கிழமை வாங்கிய சம்பளத்தில் பத்து ரூபாயை முந்தானையில் முடிந்து வரும் பெண்மணிக்கும், பெரிய பட்டன் கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் முதியவருக்கும், அப்பா தந்த நாணயத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருக்கும் குழந்தைக்கும் அந்தப் பை தங்கள் வரிசைக்கு வந்தாக வேண்டும். சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் கொண்டுவந்த பெண்களின் காணிக்கையால் நம் ஊர்களில் எத்தனையோ ஊழியங்கள் நடந்திருக்கின்றன. ஏழை விதவையின் இரண்டு காசுக்கு இருந்த இடம் இந்தப் புதிய ஏற்பாட்டால் குறுகிவிடக் கூடாது.

கைப்பேசியில் கொடுத்தவர்கள் பை வரும்போது வெறுங்கையோடு இருப்பதும் அவர்களுக்கு உறுத்தலாக இருக்கும். அதற்காக ‘காணிக்கை செலுத்தியிருக்கிறேன்’ என்று மட்டும் அச்சிட்ட சிறு அட்டைகளை இருக்கைகளில் வைத்துவிட்டால், அவர்களும் அதைப் பையில் இட்டு ஆராதனையின் அந்தப் பகுதியில் பங்குபெறலாம். அட்டையில் தொகையோ பெயரோ எழுத இடமே வைக்காதீர்கள். காணிக்கை ஜெபம் செய்பவர் பையில் வந்ததையும் கணக்கில் வந்ததையும் சேர்த்தே ஜெபிக்கட்டும்.

பட்டன் கைப்பேசி வைத்திருப்பவர்களும் 2022 மார்ச்சில் வந்த யு.பி.ஐ. 123பே மூலம் தொலைபேசி அழைப்பு வழியே பணம் அனுப்ப முடியும். ஆனால் முதியவர் ஒருவரை இதற்கு வற்புறுத்துவது தேவையற்றது. அவருடைய ரகசிய எண்ணைச் சபை ஊழியரோ வாலிபரோ கேட்டு வாங்கி அழுத்திக் கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தடை செய்யுங்கள்.

ஏழாம் படி: திங்கட்கிழமைக் கணக்கு

பை எண்ணுவதற்கு இருவர் உட்காருவதுபோல், டிஜிட்டல் வரவைச் சரிபார்க்கவும் இருவர் வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வங்கி அறிக்கையைப் பதிவிறக்கி, ஒவ்வொரு வரவுக்கும் குடும்ப எண்ணையும் நோக்கத்தையும் பொருத்தி, ரசீது எண் இட்டு, பேரேட்டில் ஏற்றுங்கள். சில வங்கிகள் ஒரு நாளின் வணிகக் கியூ.ஆர். வரவு அனைத்தையும் கூட்டி ஒரே தொகையாகக் கணக்கில் வைக்கும். அப்படியானால் தனித்தனி விவரங்களுக்கு வணிகருக்கான செயலியின் அறிக்கையைத் தனியே எடுக்க வேண்டும். யாருடையது என்று தெரியாத வரவுகளை ‘பெயர் தெரியாத வரவு’ என்ற தலைப்பில் வைத்து, ஒரு மாதம் காத்திருந்து, அதன் பிறகு பொதுக் காணிக்கையில் சேருங்கள். ரசீது அன்றே குறுஞ்செய்தியாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ போய்ச் சேர்ந்தால் பாதிக் கேள்விகள் எழாமலே போகும்.

பணம் கழிந்துவிட்டது, ஆனால் சபைக்கு வரவில்லை என்று யாராவது வந்தால் பதற வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, தனிநபர் அனுப்பும் முறையில் அடுத்த நாளுக்குள்ளும், வணிகக் கியூ.ஆர். முறையில் ஐந்து நாட்களுக்குள்ளும் அந்தத் தொகை தானாகத் திரும்பிவிட வேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதைச் சொல்லி, மறுபடியும் உடனே அனுப்ப வேண்டாம் என்று அமைதிப்படுத்துங்கள்.

மாதக் கடைசி ஞாயிறு அறிவிப்பில் ரொக்கமாக எவ்வளவு, கணக்கில் எவ்வளவு என்று மொத்தத்தை மட்டும் சொன்னால் போதும். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரை அங்கே எழுதுவது ஆகியவற்றை அறவே விட்டுவிடுங்கள். ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பெயர்களை அச்சிடும் வழக்கம் உள்ள சபைகள் அவரவர் சம்மதத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நம்மிடம் சேரும் பெயர், எண், தொகை ஆகியவற்றைப் பூட்டி வைப்பது மரியாதையோடு நின்றுவிடாமல் சட்டக் கடமையாகவும் ஆகிவருகிறது.

எட்டாம் படி: வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம்

பல சபைகள் அறியாமல் தவறிவிடும் இடம் இது. துபாயிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் யூடியூப் நேரலையில் ஆராதனையைப் பார்த்துவிட்டு, திரையில் தெரியும் கியூ.ஆர். கோட்டுக்கு அன்போடு பணம் அனுப்புகிறார்கள். அவர்களில் இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர், எந்த நாட்டில் வாழ்ந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது வேறு எந்த நாட்டின் குடியுரிமை பெற்றவர் தந்தாலும், அவர் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சென்னையில் குடியிருந்துகொண்டு ரூபாயிலேயே தந்தாலும், அது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. எந்த நாணயத்தில் வந்தது என்பதைக் காட்டிலும் கொடுத்தவரின் குடியுரிமையையே சட்டம் பார்க்கிறது.

அத்தகைய பணத்தைப் பெற மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில் மட்டுமே வந்து விழ வேண்டும். பதிவு பெற்ற வேறொரு அமைப்பின் வழியே பெற்றுத் தரச் சொல்வதும் அதே திருத்தத்தால் மூடப்பட்டுவிட்டது. உள்ளூர்க் காணிக்கைக் கணக்கில் அப்படி ஒரு தொகை விழுந்தால் சபைக்குப் பெரும் சிக்கல் வரலாம். எனவே நேரலையில் கியூ.ஆர். கோட்டைக் காட்டுவதையே தவிர்த்துவிட்டு, உறுப்பினர் குடும்பங்களுக்குத் தரும் அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காட்டியே ஆக வேண்டுமானால் ‘இந்தியக் குடிமக்கள் மட்டும்’ என்ற வரி அதன் மேலேயே இருக்கட்டும். வெளிநாட்டில் வாழும் உறுப்பினரிடம் அவருடைய இந்தியக் கடவுச்சீட்டின் நகலைப் பெற்றுக் கோப்பில் வைப்பது அவருக்கும் சபைக்கும் பாதுகாப்பு. குடியுரிமை மாறிவிட்ட பிள்ளை ஒருவர் கொடுக்க விரும்பினால், பணத்தைப் பெறுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: வருமான வரி பற்றி உண்மையைச் சொல்லுதல்

‘இதற்கு 80ஜி கிடைக்குமா?’ என்று, நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் பிரிவைக் குறித்துச் சபையார் கட்டாயம் கேட்பார்கள். ஒரு மதத்தவருக்காக அமைந்த, வழிபாட்டை நோக்கமாகக் கொண்ட அமைப்புக்குத் தரும் காணிக்கைக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. மத்திய அரசு தனியே அறிவிக்கை செய்த சில வழிபாட்டுத் தலங்களின் புதுப்பிப்புப் பணி போன்ற விதிவிலக்குகள் உண்டு. சபையோடு தொடர்புடைய பள்ளியோ விடுதியோ மருத்துவமனையோ தனி அமைப்பாக இருந்து அங்கீகாரம் பெற்றிருந்தால் அதற்குத் தரும் நன்கொடைக்குச் சலுகை கிடைக்கலாம். அப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தது கணக்கில் வராது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் அது பயன்படாது. ஆகவே அந்த நிறுவனங்களின் கியூ.ஆர். கோடும் கணக்கும் ஆலயக் காணிக்கையிலிருந்து முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், படிவங்களிலும் ரசீதுகளிலும் அச்சிடும் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் காட்டிவிட்டு அச்சகத்துக்குக் கொடுங்கள்.

ரொக்கமாக ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ பெறுவதை 2017 முதல் சட்டம் தடுக்கிறது. வீடு விற்ற பணத்தில் தசமபாகத்தை ரொக்கக் கட்டாகக் கொண்டுவருபவரிடம் இதை அன்போடு சொல்லி, வங்கி வழியே அனுப்பச் சொல்வது பொருளாளரின் வேலை.

பத்தாம் படி: மோசடிக்கு எதிரான காவல்

சுவரில் இருக்கும் கியூ.ஆர். அட்டையின் மேல் தன்னுடைய கோட்டை ஒட்டிவிட்டுப் போகும் திருடர்கள் கடைகளில் இருக்கிறார்கள். ஆலய முகப்பு அவர்களுக்கு இன்னும் எளிதான இடம். அட்டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆலயப் பணியாளரான கோவில்பிள்ளை ஆலயத்தைச் சுத்தம் செய்யும்போது, கமிட்டி உறுப்பினர் ஒருவர் ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபார்க்கட்டும். அந்த ஒரு ரூபாயும் பேரேட்டில் ஏற வேண்டும்.

குருவானவரின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு, அவசர உதவி கேட்டுச் சபையாருக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பும் மோசடியும் நடக்கிறது. சபை ஒருபோதும் செய்தி மூலம் தனிப்பட்ட எண்ணுக்குப் பணம் கேட்காது என்று மாதம் ஒருமுறையாவது அறிவியுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவைப்படாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். யாரேனும் ஏமாந்துவிட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறாரோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு.

முன்பின் தெரியாத ஒருவர் பெருந்தொகையை அனுப்பிவிட்டு, தவறுதலாக வந்துவிட்டது, இந்த வேறொரு எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டால் இரக்கப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். அது திருட்டுப் பணமாக இருந்தால் காவல்துறை சபையின் கணக்கையே முடக்கக்கூடும். வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்; வந்த வழியிலேயே வங்கி அதைத் திருப்பி அனுப்பட்டும்.

தொடங்குவதும் கைமாற்றுவதும்

பண்டிகைக் காலத்தில் தொடங்காதீர்கள். கூட்டம் குறைந்த ஒரு சாதாரண மாதத்தில் கமிட்டி உறுப்பினர்களின் குடும்பங்கள் மட்டும் நான்கு வாரங்கள் இதைப் பயன்படுத்திப் பார்க்கட்டும். அதில் வரும் குழப்பங்களைச் சரிசெய்த பிறகு சபைக்கு அறிவித்து, தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் ஆராதனை முடிந்ததும் வாலிபர் சங்கத்தார் இருவர் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து கற்றுக்கொடுக்கட்டும். அறிவிப்பில், இது விரும்புபவர்களுக்கான வசதி, பையில் இடுவது எப்போதும்போல் தொடரும் என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்.

கமிட்டியின் காலம் முடிந்து புதிய பொருளாளர் வரும் நாளுக்கும் இப்போதே ஏற்பாடு செய்து வையுங்கள். எங்கள் சபையில் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்த எண் எனக்கு முன் இருந்த பொருளாளருடையது. தேர்தல் முடிந்து அவர் வேறு ஊருக்குக் குடிபோனபின், ஒவ்வொரு முறை அறிக்கை எடுக்கவும் அவரை அழைத்து, வந்த குறியீட்டை அவர் சொல்ல நாங்கள் எழுத வேண்டியிருந்தது. அவர் மருத்துவமனையில் இருந்த ஒரு மாதம் முழுவதும் எங்களால் கணக்கையே பார்க்க முடியவில்லை. எண்ணை மாற்ற வங்கி கேட்ட தீர்மானம், அடையாளச் சான்றுகள், கையொப்பங்கள் எல்லாம் சேர இன்னும் ஆறு வாரங்கள் ஆயின. இப்போது சபையின் சிம் அட்டை இருக்கும் கைப்பேசி ஆலயத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பொறுப்பு மாறும் நாளில் கைப்பேசி, கடவுச்சொற்கள், வணிகச் செயலியின் அனுமதி, அன்றைய தேதி வரையிலான அறிக்கை ஆகியவற்றை எழுத்துப் பட்டியலோடு ஒப்படைத்து, பழையவரும் புதியவரும் குருவானவர் முன்னிலையில் கையொப்பமிட்டு, கடவுச்சொற்கள் அத்தனையையும் அன்றே மாற்றுகிறோம்.